செத்த மாட்டுக்குக் கணக்கு உண்டு

மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்துவிட்டுப் போன ஐந்தாம் நாள், 2023 டிசம்பர் 9 அன்று, தமிழ்நாடு அரசு நிவாரண அறிவிப்பை வெளியிட்டது. குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் என்ற வரியைத்தான் ஊரே பேசியது. அதே அறிவிப்பில் பலர் கண்ணில் படாத இன்னொரு வரியும் இருந்தது. பசு, எருமை இறந்தால் இதுவரை தரப்பட்ட 30,000 ரூபாய் இனி 37,500 ரூபாய். ஆடு இறந்தால் தரப்பட்ட 3,000 ரூபாய் இனி 4,000 ரூபாய்.

புயலால் பாதிக்கப்பட்டவை சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய நான்கு மாவட்டங்கள். அவற்றில் பெரும்பகுதி நகரம், அல்லது நகரமாகிக்கொண்டிருக்கும் கிராமம். அப்படியானால் மாட்டுக்கான அந்த வரி யாருக்காக எழுதப்பட்டது? அது அவர்கள் கையில் என்னவாகப் போய்ச் சேருகிறது? இந்தக் கேள்விகளைத் தென்சென்னைப் புறநகரான சிட்லபாக்கத்தில் நின்று கேட்டால், பேரிடர் நிவாரணத்தின் அடிப்படைக் குறை ஒன்று துலக்கமாகத் தெரிகிறது.

வயல் போன பிறகும் மாடு இருந்தது

சிட்லபாக்கம் ஏரியை நம்பி விவசாயம் செய்த ஊர். குரோம்பேட்டைக்கும் சேலையூருக்கும் நடுவில் இருக்கும் சிட்லபாக்கத்தில், ஏரிப் பாசன வயல்கள் மனைகளாயின, மனைகள் வீடுகளாயின, வீடுகள் இப்போது அடுக்குமாடிகளாகிக்கொண்டிருக்கின்றன. நீண்டகாலம் பேரூராட்சியாக இருந்த ஊர், 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதில் சேர்ந்தது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் என்று அக்கம்பக்கத்து ஊர்களும் அதே நாளில் மாநகராட்சிக்குள் வந்தன.

மனைகளாக மாறியவை வயல்கள்தான். மாடு வளர்ப்பவர்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. நிலத்தை விற்ற குடும்பமும், நிலமே இல்லாமல் கூலிக்குப் போன குடும்பமும் இரண்டு மூன்று கறவை மாடுகளைத் தக்கவைத்துக்கொண்டன. நெல்லைத் தெருவில் கூவி விற்க முடியாது, பாலை விற்கலாம். புதிதாகக் குடிவந்த வீடுகளே வாடிக்கையாகின. இப்படி வயலோடும் வைக்கோல் போரோடும் இருந்த தொடர்பு அறுந்து, தெருவையும் காலி மனையையும் நம்பி நிற்கும் கால்நடை வளர்ப்பு ஒன்று தென்சென்னைப் புறநகரில் உருவானது.

வெள்ளம் முதலில் தொடுவதும் இதைத்தான். மலிவான இடம் தாழ்வான இடமாகவே இருக்கும். ஏரிக்கரையோரம், கால்வாய் ஓரம், புறம்போக்கு. மாட்டுக் கொட்டகைகள் அங்கேதான் நிற்கின்றன. சிட்லபாக்கம் ஏரியின் மிகுநீர் செம்பாக்கம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பை நோக்கிப் போக வேண்டும். வழி அடைபட்டால் தண்ணீர் தெருவுக்குள் வருகிறது. 2015 டிசம்பர் 1 தொடங்கிப் பெய்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானதும், முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கியதும் இப்பகுதி மக்கள் மறந்தவை அல்ல. அதன்பின் சிட்லபாக்கம் ஏரியைச் சீரமைக்க ரூ.25 கோடி ஒதுக்கப்பட்டது. ஏரிக்குத் திட்டம் வந்தது. ஏரிக்கரை மாட்டுக்கு வெள்ளத்தில் எங்கே இடம் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

37,500 எங்கிருந்து வந்தது?

2023 அறிவிப்பு தொகையை உயர்த்தியது என்பது உண்மை. ஆனால் அந்த எண் சென்னையில் பிறந்ததல்ல. மாநிலப் பேரிடர் நிவாரண நிதி என்ற ஒன்று ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கிறது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் அதற்கு மத்திய அரசு 75 விழுக்காடும் மாநில அரசு 25 விழுக்காடும் போடுகின்றன. அந்த நிதியை எதற்கு, எவ்வளவு செலவிடலாம் என்பதை மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு பட்டியலாக வகுத்துத் தருகிறது. 2015 முதல் நடப்பில் இருந்த பட்டியலில் கறவை மாட்டுக்கு 30,000 ரூபாய். 2015 வெள்ளத்தின்போதும் 2018 நவம்பரில் கஜா புயலின்போதும் இருந்தது இந்த அளவுதான். 2022 அக்டோபரில் பட்டியல் திருத்தப்பட்டது: கறவை மாட்டுக்கு 37,500; உழவு மாட்டுக்கு 32,000; கன்றுக்கு 20,000; ஆடு, பன்றிக்கு 4,000; கோழிக்கு 100 ரூபாய்.

ஆக, மிக்ஜாம் அறிவிப்பில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் சொல்லப்பட்டவை 14 மாதங்களுக்கு முன்பே மத்தியப் பட்டியலில் ஏறிவிட்ட எண்கள். 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களுக்கு அறிவிக்கப்பட்டதும் அதே 37,500, அதே 4,000.

பட்டியலில் வரம்புகளும் உண்டு. ஒரு குடும்பம் எத்தனை மாடுகளை இழந்தாலும் மூன்று பெரிய கறவை மாடுகளுக்கு மட்டுமே பணம். ஆடு என்றால் 30 வரை. கோழிக்கு மொத்தம் 10,000 ரூபாய்க்கு மேல் இல்லை. பொருளாதாரப் பயன் தரும் கால்நடையாகவும் இருக்க வேண்டும். கறவை வற்றி நிற்கும் மாடும், முதல் ஈற்றுக்குக் காத்திருக்கும் கிடேரியும் இந்தச் சொல்லுக்குள் வருமா என்பது நேரில் பார்க்கும் அலுவலர் கையில் இருக்கிறது. மாடு வளர்ப்பவருக்கோ அந்தக் கிடேரிதான் அடுத்த ஆண்டின் வருமானம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாளிதழ்கள் இதை ‘இழப்பீடு’ என்று எழுதுகின்றன. மத்திய அரசின் நிலைப்பாடு வேறு: இது நிவாரணம், இழப்பை ஈடுசெய்யும் தொகை அல்ல. இழந்ததன் மதிப்பு என்ன என்ற கேள்வியே அங்கு எழாது. மிக்ஜாமுக்கும் அதே மாதத்துத் தென்மாவட்ட வெள்ளத்துக்குமாகத் தமிழ்நாடு கேட்டது ரூ.37,907 கோடி. 2024 ஏப்ரலில் தேசியப் பேரிடர் நிதியிலிருந்து வந்தது ரூ.276 கோடி. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. கோடிகளைப் பற்றிய அந்தச் சண்டைக்குள், ஒரு மாட்டுக்கான பணம் எதை அளக்கிறது என்ற கேள்விக்கு இடம் கிடைக்கவில்லை.

பாலில் போட்ட கணக்கு

அந்தக் கேள்வியை இங்கே ஒரு சிறு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். மிக்ஜாம் வந்த அதே டிசம்பரில் ஆவின் தன் கொள்முதலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. பசும்பாலுக்கு 35 ரூபாயாக இருந்தது 38 ஆனது. நாளுக்கு 10 லிட்டர் கறக்கும் ஒரு கலப்பின மாட்டை எடுத்துக்கொள்வோம். நாள் வரவு 380 ரூபாய். 37,500 ரூபாய் என்பது அந்த மாட்டின் 99 நாள் பால். ஒரு ஈற்றில் கலப்பின மாடு ஏறக்குறைய 300 நாள் கறக்கும். தீவனச் செலவைக் கழித்தால் கையில் நிற்பது குறையும் என்பது சரிதான். ஆனால் பட்டியல் இந்தத் தொகையை ‘மாற்றுக் கால்நடை’ வாங்குவதற்கான உதவி என்று சொல்கிறது. நாளுக்கு 10 லிட்டர் கறக்கும் மாட்டை 37,500 ரூபாய்க்குச் சந்தையில் பிடித்து வருவது எளிதல்ல என்பது மாடு வாங்கிப் பார்த்த யாருக்கும் தெரியும்.

இருந்தும், மாடு இறந்த வீட்டுக்கு ஏதோ ஒரு தொகை உண்டு. மாடு பிழைத்த வீட்டுக்கு?

வெள்ளத்தில் மாடுகள் பெரும்பாலும் சாவதில்லை. அவிழ்த்துவிட்டால் நீந்தும், மேடு தேடும். மழை நாள்களில் சாலையின் நடுத்திட்டிலும் மேம்பாலத்துக்கு அடியிலும் மாடுகள் நிற்பதைப் புறநகர்வாசிகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இரண்டு மூன்று நாள் தண்ணீரில் நின்ற மாட்டுக்குக் குளம்பு அழுகும். சேற்றில் படுத்த மாட்டுக்கு மடிநோய் வரும். தொண்டை அடைப்பானும் சப்பை நோயும் மழைக்காலத்தோடு சேர்த்தே பேசப்படும் நோய்கள். தவிடும் பிண்ணாக்கும் மூட்டையோடு நனைந்து பூசணம் பிடிக்கும். வேறு வழியின்றி அதையே போட்டால் வயிறு கெடும். லாரியில் வரும் வைக்கோல் சாலை வடியும் வரை வராது. வந்த பிறகும் பழைய விலைக்குக் கிடைக்காது.

நாளுக்கு 10 லிட்டர் கறந்த மாடு ஒரு மாதம் 4 லிட்டராக இறங்கினால், இழப்பு 180 லிட்டர். 38 ரூபாய் வீதம் 6,840 ரூபாய். குடும்ப அட்டைக்குக் கிடைத்த 6,000 ரூபாயை ஒரே மாடு விழுங்கிவிடுகிறது. மூன்று மாடு வைத்திருப்பவருக்கு 20,520 ரூபாய். மருத்துவச் செலவும் நனைந்த தீவனமும் இதில் சேரவில்லை; பால் வராத நாள்களில் பாக்கெட்டுக்கு மாறி, பிறகு திரும்பாத வாடிக்கையும் சேரவில்லை. இந்த இழப்பைப் பதிய எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை.

பட்டியலில் உயிருள்ள மாட்டுக்கு எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது. கால்நடை முகாம்களில் பெரிய மாட்டுக்கு நாளுக்கு 80 ரூபாயும் சிறியதற்கு 45 ரூபாயும் தீவனம், தண்ணீர், மருந்துக்காகச் செலவிடலாம். ஆனால் இந்த ஏற்பாடு வறட்சியை மனத்தில் வைத்துப் பழகியது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டபோது, தமிழ்நாட்டில் உலர் தீவனக் கிடங்குகள் திறக்கப்பட்டு மானிய விலையில் வைக்கோல் விற்கப்பட்டது. உயிரோடு இருக்கும் மாட்டைக் காப்பதும் அரசின் வேலை என்பதை அந்தக் கிடங்குகள் ஏற்றுக்கொண்டன. வறட்சி மாதக்கணக்கில் வருவதால் கிடங்கு திறக்க நேரம் கிடைக்கிறது. வெள்ளம் ஓர் இரவில் வருகிறது. முன்பே திறந்து வைக்காத கிடங்கு வெள்ளத்தில் உதவாது.

யார் விவசாயி?

செத்த மாட்டுக்கான பணத்தையும் புறநகர்க்காரர் எளிதில் பெறுவதில்லை. கால்நடை உதவி மருத்துவர் உடற்கூறாய்வு செய்து சான்று தர வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் பார்த்து எழுத வேண்டும். வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கோப்பு மேலே போக வேண்டும். கிராமத்தில் யார் வீட்டில் எத்தனை மாடு என்பது ஊருக்கே தெரியும். அடுக்குமாடி ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதே தெரியாது. மாட்டைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டால் காட்டுவதற்கு உடலும் இல்லை.

இதைவிடச் சிக்கலானது ஒரு சொல். மத்தியப் பட்டியலில் கால்நடைப் பகுதிக்கு மேலே இருக்கும் தலைப்பு, ‘சிறு, குறு விவசாயிகளுக்கான உதவி’. சிறு விவசாயி என்றால் இரண்டு ஹெக்டேர் வரை நிலம் வைத்திருப்பவர். குறு விவசாயி என்றால் ஒரு ஹெக்டேர் வரை. இரண்டு சொற்களும் நிலத்தைக் கொண்டு மனிதரை அளப்பவை. வாடகைக் கொட்டகையில் மூன்று மாடு கட்டியிருப்பவருக்கு அளக்க நிலமே இல்லை. மாநில அறிவிப்புகள் இந்த வேறுபாட்டைப் பெரிதுபடுத்துவதில்லை என்பது ஆறுதல். ஆனால் அலுவலரின் தயவை நம்பி நிற்கும் உரிமை, உரிமையில் பாதிதான்.

நிலமில்லாதவரையும் கால்நடை வளர்ப்பவராகக் கணக்கில் எடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிய யோசனையும் அல்ல. 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டம், நிலமற்ற ஏழைக் குடும்பங்களின் பெண்களைத் தேடித்தான் தலைக்கு நான்கு ஆடுகள் கொடுத்தது. கால்நடை என்பது நிலமில்லாதவரின் சொத்து என்பதை அந்தத் திட்டம் புரிந்துகொண்டது. கொடுக்கும்போது புரிந்த இந்த உண்மை, இழக்கும்போதும் சட்டத்தின் எழுத்தில் இருக்க வேண்டாமா?

நகரச் சட்டத்தின் பார்வை வேறு. நகர்ப்புறத்தில் விலங்குகளையும் பறவைகளையும் வளர்க்க உரிமம் வேண்டும் என்று 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளிச் சிறுமி ஒருவரை மாடு முட்டித் தாக்கிய காட்சி தமிழகத்தையே உலுக்கியது. அதன்பின் சென்னையில் தெருவில் திரியும் மாடுகளுக்கான அபராதம் கூட்டப்பட்டது. அந்தக் கோபம் நியாயமானது. மாட்டைத் தெருவில் மேயவிடுவது வாழ்வுரிமை ஆகாது. ஆனால் உரிமம் இல்லாமல் மாடு வைத்திருப்பவர் வெள்ளத்தில் மாட்டை இழந்தால், சான்று கேட்டு அலுவலகப் படி ஏறுவாரா? அபராதத்துக்குப் பயந்து ஒளிந்திருப்பவர் நிவாரணத்துக்காக வெளியே வரமாட்டார். ஒரு அலுவலகத்துக்குத் தொல்லையாகவும் இன்னொன்றுக்குப் பயனாளியாகவும் ஒருவரே இருக்கும்போது, அவர் இரண்டு பட்டியலிலும் இல்லாமல் போவதுதான் நடக்கிறது.

பிழைத்ததற்குத் தண்டனை

இந்தக் குறை இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. 2001இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. கொல்லப்பட்ட விலங்குகளுக்கு அரசு மதிப்பீடு செய்து தாராளமாகப் பணம் கொடுத்தது. செலவு நூறு கோடி பவுண்டைத் தாண்டியது. நோய் தொடாத பண்ணைகளோ மாதக்கணக்கில் விலங்குகளை நகர்த்தவும் விற்கவும் முடியாமல் முடங்கின. அந்தத் தொடர் இழப்புக்கு இழப்பீடு இல்லை. மந்தையை இழந்தவர் பணம் பெற்றார். மந்தையைக் காப்பாற்றியவர் கடனாளியானார். அமெரிக்காவில் பேரிடரில் இறக்கும் கால்நடைக்குச் சந்தை மதிப்பில் 75 விழுக்காடு தருகிறார்கள். தொகை பெரிது, ஆனால் அந்தப் பணமும் முதன்மையாகச் சாவுக்குத்தான்.

மாற்றி யோசித்த இடம் கென்யா. மார்சபிட் பகுதியில் 2010இல் தொடங்கிய கால்நடைக் காப்பீட்டில் யாரும் பிணத்தைக் காட்ட வேண்டியதில்லை. மேய்ச்சல் நிலத்தின் பசுமையைச் செயற்கைக்கோள் அளக்கிறது. பசுமை ஒரு அளவுக்குக் கீழே போனால் பணம் தரப்படும். இறந்த மாட்டுக்கு ஈடாகத் தொடங்கிய அந்தத் திட்டம், பிறகு மாடு சாவதற்கு முன்பே தீவனம் வாங்கப் பணம் தருவதாக மாறியது. அண்டை மாநிலமான கேரளத்தில், மலபார் பால் கூட்டுறவு ஒன்றியம் வெப்பத்தை அளவாக வைத்து இதே வகைக் காப்பீட்டை நடத்திக் காட்டியது. தொடர்ந்து சில நாள் வெயில் வரம்பைத் தாண்டினால், பால் குறைவதை எண்ணி உறுப்பினர் கணக்கில் பணம் ஏறும்.

வெப்பத்தை அளக்கலாம் என்றால் மழையையும் அளக்கலாம். தாம்பரத்தில் ஒரு நாளில் எவ்வளவு பெய்தது என்பது மறுநாள் காலை எல்லா நாளிதழ்களிலும் வருகிறது. அந்த ஒரு எண்ணே போதும். உடற்கூறாய்வு வேண்டாம், பிணம் வேண்டாம்.

செய்யக் கூடியவை

கருவிகள் பெரும்பாலும் கையில் இருக்கின்றன. 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், கோமாரித் தடுப்பூசி போடும்போது மாட்டின் காதில் 12 இலக்க எண் கொண்ட வில்லை மாட்டப்படுகிறது. உரிமையாளர் பெயரும் அந்த எண்ணோடு பதிவாகிறது. மாடு உயிரோடு இருந்ததற்கும் யாருடையது என்பதற்கும் அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அந்தப் பதிவை வருவாய்த் துறை ஏற்றுக்கொண்டால், உடல் கிடைக்காத மாட்டின் வழக்கும் தீரும். கால்நடைக் காப்பீட்டில் உரிமையாளர் பங்கை 15 விழுக்காடாகக் குறைத்து 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. புறநகர்க்காரர்களையும் தேடிப்போய் அதில் சேர்க்க வேண்டியது கால்நடை பராமரிப்புத் துறையின் வேலை.

மாநகராட்சியின் பங்கு இன்னும் எளியது. அபராதம் போடும் பட்டியலுக்கு முன், வார்டு வாரியாக யாரிடம் எத்தனை மாடு என்ற பட்டியல் வேண்டும். அதில் பெயர் கொடுப்பவருக்கு உரிமமும், கொட்டகைக்கு நெறியும், மழைக்காலத்தில் மாட்டைக் கட்ட மேட்டில் ஒரு இடமும் கிடைக்கும் என்றால் பலர் தாமாகவே வருவார்கள். தெரு மாட்டுத் தொல்லையும் அதோடு குறையும். மனிதர்களுக்கு நிவாரண முகாம் எந்தப் பள்ளியில் என்று ஒவ்வோர் ஆண்டும் முன்கூட்டியே முடிவாகிறது. மாடுகளுக்கு எந்த மைதானம் என்பதையும் அதே கூட்டத்தில் முடிவு செய்யலாம். நாளுக்கு 80 ரூபாய் என்ற முகாம் தீவனச் செலவை வெள்ளத்திலும் புறநகரிலும் பயன்படுத்த மாநில அரசு முன்கூட்டியே ஆணையிட்டு வைக்கலாம். 100 மாடுகளுக்கு ஒரு மாத முகாம் என்றாலும் ஆகும் செலவு 2,40,000 ரூபாய். ஏழு மாடுகள் இறந்தால் அரசு தரவேண்டிய தொகை 2,62,500 ரூபாய்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. வைக்கோலை வாங்கி மேட்டில் அடுக்க வேண்டியது செப்டம்பரில்.